பூட்டிய அலமாரிக்கு நீண்ட வால்

அத்தியாயம் 6

நாத்தனாரும் தம்பி மனைவியும் வழக்கமாக ஒருவரை ஒருவர்தான் துப்பறிவார்கள். உடைந்த தம்ளர் யார் கையிலிருந்து நழுவியது, கதவைச் சாத்திக்கொண்டு போனில் யாரிடம் என்ன பேச்சு என்கிற துறைகளில் அவர்களுக்கு இணையான நிபுணர்கள் போலீசில்கூடக் கிடையாது. இந்தக் குடும்பத்தில் மட்டும் அந்தத் திறமையை வீட்டுக்குள் வீணாக்காமல் வெளியே வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் பலன் பெற்ற முதல் ஆள் தம்பி. அவன் சட்டைப் பையை இப்போது யாரும் சோதிப்பதில்லை. இருவருக்கும் நேரமில்லை.

மூத்தவளை ஊரே நாத்தனார் என்றுதான் சொன்னது, எந்த உறவும் இல்லாதவர்கள்கூட, கொஞ்சம் பயத்தோடு. அவள் அதிகம் பேச மாட்டாள், பார்ப்பாள். அவள் ஒரு நாற்காலியைப் பார்த்தால் அந்த நாற்காலிக்கே தான் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றும். தம்பி மனைவிக்கு வாயாடி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். கல்யாணத்துக்கு மறுநாள் வைத்தாள். முதல் நாளே வைத்திருப்பாள், பேச இடம் கிடைக்கவில்லை.

அன்று காலை அவர்கள் நின்றுகொண்டிருந்த இடம் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். கூடம் என்பது மரியாதைக்கு. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஓர் அறை, அதன் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மைக், வெளியே ஒரு நடை, நடையின் கோடியில் ஒரு சரக்கறை. அவ்வளவுதான். ஆனால் இந்த அறையிலிருந்துதான் வாராவாரம் ஒரு கொலைக்கதை ஒலிபரப்பானது. ஒரு மாளிகை, ஒரு பணக்காரர், ஒரு பிணம். பிணமும் அதே பணக்காரர்தான். அவரைக் கொன்றது யார் என்று ஊர் ஆறு மாதமாகத் தூக்கம் கெட்டுப் போயிருந்தது.

கடைசிப் பாகம் வெள்ளிக்கிழமை வர வேண்டியது. திங்கட்கிழமையே எல்லார் போனிலும் வந்துவிட்டது. கொலைகாரன் தோட்டக்காரன்தான் என்று பால் போடுகிறவர் முதல் பல் டாக்டர் வரை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

கூடத்தின் முதலாளிக்கும் தெரிந்துவிட்டது. அதுதான் அவருடைய உண்மையான துக்கம். அவர் அந்தக் கதையைத் தயாரித்தவர் என்பதைவிட அதன் முதல் ரசிகர் என்பதே பொருத்தம். வெள்ளிக்கிழமை ஊரோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கடைசிப் பாகத்தைப் பற்றி ஒரு எழுத்துகூடத் தன் காதில் விழக் கூடாது என்று கூடத்தில் உத்தரவே போட்டிருந்தார். கடைசியில் முடி திருத்தும் கடையில் கேட்க வேண்டியதாயிற்று. கழுத்தில் கத்தி இருந்ததால் காதைப் பொத்த வழியில்லை.

இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் குரல் இரண்டு முறை உடைந்தது. வாயாடி கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், கிண்டல் என்று தெரியவில்லை.

திருடியவர் யார் என்பதில் முதலாளிக்குச் சந்தேகமே இல்லை. தன்னைத் தவிர இங்கே புழங்குகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் கதை படிக்கும் குரல்காரர். அவரை நம்பாமல்தான் மூன்று முடிவுகளைப் பதிவு செய்ய வைத்தார் முதலாளி. ஒன்றில் தோட்டக்காரன் கொலைகாரன், ஒன்றில் வக்கீல், ஒன்றில் மூத்த மருமகள். மூன்றையும் குரல்காரரே படித்தார், எது நிஜம் என்று அவருக்குத் தெரியாது. நிஜத்தைக் கதாசிரியர் போனில் சொன்னது ஒரே ஒரு ஆளிடம், அதாவது ஒலிப்பதிவாளரிடம். நிஜம் வெளியே போயிருக்கிறது. நிஜம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கணக்கு முடிந்தது.

அந்த ஒருத்தி ஜன்னல் பக்கமாக நின்று தன் ஹெட்போன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சாயங்காலத்துக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். இன்னொரு கூடத்துக்குப் போகலாம்தான். ஆனால் இந்தத் தொழிலில் ஒரே ஒரு பேர்தான் சோறு போடும். ரகசியத்தை வெளியே விட்டவள் என்ற பேர் அது இல்லை. அவளை யாரும் ஒரு விளம்பர மணியோசைக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

நாத்தனார் அவளிடம் போய் எடுத்தாயா என்று கேட்டாள். எடுக்கவில்லை என்றாள் அவள். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டதற்கு, முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றாள்.

"என்ன அண்ணி இது," என்றாள் வாயாடி நடையில் வந்ததும். "என் மேல இப்படி ஒரு பழி வந்தா நான் மூணு நாள் பேசுவேன்."

"பழி வராமலே பேசுறே."

"அதான் சொல்றேன். அனுபவம் இருக்கு. பேசாத ஆளைப் பார்த்தாத்தான் சந்தேகமா இருக்கு."

நாத்தனார் அந்த வாக்கியத்தை எங்கேயோ மடித்து வைத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

*

கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டதும் முதலாளிக்குச் சற்று உயிர் வந்தது. நடையின் கோடிக்கு அழைத்துப் போனார். சரக்கறைக்குள் ஓர் இரும்பு அலமாரி, அதில் கை அகலப் பூட்டு, பூட்டின் சாவி அவர் கழுத்தில். அதற்குள்தான் கம்ப்யூட்டர் வாசம் செய்தது. ஒலிப்பதிவு அறையில் வைத்தால் அதன் விசிறி மூச்சிரைக்கிற சத்தம் மைக்கில் ஏறிவிடுமாம். அதனால் பெட்டியை மட்டும் இங்கே தள்ளிவிட்டு, திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றுக்கும் நீள நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, சுவரில் ஓட்டை வழியாக, நடையின் ஓரமாக, அறைக்குக் கொண்டுபோயிருந்தார்.

இன்டர்நெட் கிடையாது. வெளியே போகிற எல்லாருடைய பையையும் அவரே சோதிப்பார். பென் டிரைவ் செருகுகிற துளைகள் எல்லாம் அலமாரிக்குள். சாவி இவர் கழுத்தில். இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்ய முடியும் என்று கேட்டார்.

வாயாடி அலமாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பூட்டை ஆட்டிப் பார்த்தாள். பின்பக்க ஓட்டையிலிருந்து புறப்பட்டுத் தரையோடு ஊர்ந்து போகும் கறுப்பு கேபிள்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவற்றைப் பின்தொடர்ந்து, குனிந்த முதுகோடு நடை முழுவதும் போய், ஒலிப்பதிவு மேஜைக்கு அடியில் தலையை விட்டாள். அங்கிருந்து அவள் குரல் வந்தது.

"முதலாளி சார், வீட்டைப் பூட்டிட்டு வாசற்படியைத் தூக்கித் தெருவுல வெச்சிருக்கீங்க."

எக்ஸ்டென்ஷன் கேபிள் என்பது அதுதான். அலமாரிக்குள் இருக்கும் துளை அலமாரிக்குள்ளேயே இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவரே காசு கொடுத்து அதை நீட்டி, மேஜைக்கு அடியில் கொண்டுவந்து, இரண்டு வாய்களாகத் திறந்து வைத்திருந்தார். ஒன்றில் கீபோர்டு, ஒன்றில் மவுஸ். எதைப் பிடுங்கினாலும் அந்த இடத்தில் பென் டிரைவைச் செருகலாம். கம்ப்யூட்டருக்குத் தன் பக்கத்தில் செருகியிருக்கிறார்களா, நடையின் அந்தக் கோடியில் செருகியிருக்கிறார்களா என்றெல்லாம் கவலை கிடையாது.

முதலாளி தரையில் உட்கார்ந்துவிட்டார். பாஸ்வேர்டாவது இருக்கிறதா என்று நாத்தனார் கேட்டாள். இருந்ததாம். மூன்று கேபிள்களை ஒன்றோடொன்று மாட்டித்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தார்கள். தட்டுகிற எழுத்துகளில் சில வழியிலேயே உதிர்ந்து போகும். பாஸ்வேர்டு போட்டால் ஏற்கவே ஏற்காது. ஒருநாள் கடுப்பாகி, பாஸ்வேர்டே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்.

"அப்போ இப்ப எழுத்து உதிருதா?"

இல்லை, இப்போது கேபிள் புதுசு என்றார். இரண்டு வாரத்துக்கு முன்னால் மாற்றியது, இரண்டுமே. கீபோர்டை ஓங்கி ஓங்கித் தட்டுகிற சத்தம் தன் மைக்கில் விழுகிறது என்று குரல்காரர்தான் பொறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அதற்கு முன்னால் ஒரு வருஷமாக ஒலிப்பதிவாளர் புது கேபிள் வேண்டும், நடுவில் பூஸ்டர் வைத்தது வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்லும்போதே அவருக்கு ஏதோ விளங்கிவிட்டது. பூஸ்டர் என்ற சொல்லை இன்னொரு முறை, கொலை ஆயுதத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

*

பழைய கேபிள்கள் மேஜை இழுப்பறையில் இருந்தன. அலமாரியைத் திறக்கச் சொல்லி, கீபோர்டின் புது கேபிளைக் கழற்றிவிட்டு, பழைய மூன்றையும் வரிசையாக மாட்டி நடையில் விரித்தாள் நாத்தனார். வாயாடியிடம் பென் டிரைவ் கேட்டாள். அவள் கைப்பையிலிருந்து ஒன்று வெளியே வந்தது.

"இதுல என்ன இருக்கு?"

"உங்க தம்பி பாடின பாட்டு."

மேஜைக்கு அடியில் செருகினார்கள். திரையைப் பார்த்தார்கள். டிங் என்று ஒரு சத்தம் வந்தது, போனது, வந்தது, போனது. பிறகு இந்தச் சாதனத்தைத் தன்னால் அடையாளம் காண முடியவில்லை என்று கம்ப்யூட்டர் அறிவித்தது.

"நல்ல ரசனை உள்ள மெஷின்," என்றாள் வாயாடி.

பிறகு புது கேபிள். அதன் நடுவில், பாம்பு முட்டையை விழுங்கின மாதிரி ஒரு புடைப்பு. அதில் செருகியதும் ஒரே டிங். தம்பியின் பாட்டு முழுவதும் பட்டியலாகத் திரையில் வந்து நின்றது.

"ரசனை போச்சு," என்றாள் வாயாடி வருத்தத்துடன்.

முதலாளிக்கு விளக்க வேண்டியிருந்தது. கேபிள் நீள நீள, உள்ளே போகிற செய்தி களைத்துப்போகும். கீபோர்டு அனுப்புவது ஒவ்வொரு எழுத்தாக. தள்ளாடித் தள்ளாடி முக்கால்வாசி வந்து சேர்ந்துவிடும். பென் டிரைவில் போவதும் வருவதும் மூட்டை மூட்டையாக. நடுவழியில் உட்கார்ந்துவிடும். அந்தப் புடைப்பு என்பது நடுவழியில் ஓர் ஆள் நின்று மூட்டையைத் தோள் மாற்றிக்கொள்வது மாதிரி. ஆகவே கதை திருடுபோனது இந்தப் புது கேபிள் வந்த பிறகு, இதன் வழியாகத்தான்.

"அதைத்தானே நானும் சொல்றேன். அவதான் ஒரு வருஷமா கேட்டா," என்றார் முதலாளி. ஒலிப்பதிவாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாயாடி மெதுவாக நாத்தனார் காதருகே வந்தாள். முதலாளியே ஏன் எடுத்திருக்கக் கூடாது என்று கேட்டாள். கைக்குட்டையை இன்னும் திருப்பித் தரவில்லை, அந்த ஆளை நம்ப முடியாது என்பது அவள் வாதம். கழுத்தில் சாவி வைத்திருப்பவன் அலமாரியைத் திறந்து நேராகச் செருகுவானே தவிர, மேஜைக்கு அடியில் ஏன் தவழ வேண்டும் என்று நாத்தனார் திருப்பிக் கேட்டாள். கேபிள் வழியாக எடுத்தவர் சாவி இல்லாதவர்.

"அப்ப ரெண்டே பேர்."

"குனிஞ்சு அந்த ரெண்டு வாயையும் பாரு. என்ன தெரியுதுன்னு சொல்லு."

வாயாடி மறுபடி மேஜைக்கு அடியில் போனாள். கால் தட்டிக் கழன்றுவிடாமல் இருக்க, இரண்டு இணைப்புகளின் மேலும் நீல டேப் சுற்றியிருந்தது. சோதனைக்காக நாத்தனார் கீபோர்டு டேப்பைப் பிரித்து, பத்திரமாக மேஜைக் காலில் ஒட்டி வைத்திருந்தாள். மவுஸ் டேப்பில் புது கேபிள் வந்த நாளிலிருந்து சேர்ந்த தூசு, ஓரமெல்லாம் சாம்பல் பூத்து, இடம் பெயராமல் இருந்தது. கீபோர்டு டேப்பின் பசைக்குள்ளேயே தூசு. ஏற்கெனவே ஒருமுறை பிரித்து, தரையில் வைத்து, மறுபடி ஒட்டிய டேப்.

"கீபோர்டைப் பிடுங்கியிருக்காங்க."

"மேஜைக்கு மேல வா. இப்ப மவுஸ் எங்க இருக்கு?"

மவுஸைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது. திரைக்குப் பின்னால், கேபிள் சுற்றிய நிலையில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தது. அதன் கீழே இருக்க வேண்டிய விரிப்பின் மேல் டீ கப் வைத்து வைத்து வட்ட வட்டமாகக் கறை. மவுஸ் என்ன பாவம் செய்தது என்று வாயாடி கேட்டதற்கு, கீபோர்டிலேயே எல்லாம் ஆகிவிடும், அதைத் தொட்டே ரொம்ப நாளாகிறது என்றாள் ஒலிப்பதிவாளர். வெட்டுவது, ஒட்டுவது, காப்பி எடுப்பது எல்லாமே விரல் நுனியில்.

வாயாடி சொல்ல வந்ததைச் சொல்லாமல் வாயைத் திறந்தபடி நின்றாள். இது அபூர்வமான காட்சி.

இரண்டில் ஒன்றைப் பிடுங்க வேண்டும் என்றால், ஒலிப்பதிவாளர் தான் ரொம்ப நாளாகத் தொடாத மவுஸைப் பிடுங்குவாள். தன் இரண்டு கைகளையும் பிடுங்கி வைத்துவிட்டுத் திருடுகிறவர் உலகத்தில் உண்டா? கீபோர்டைப் பிடுங்கினது மவுஸ் இல்லாமல் கம்ப்யூட்டரில் ஓர் அடி எடுத்து வைக்கத் தெரியாத ஆள்.

"ஆனா அண்ணி," என்றாள் வாயாடி குரலைத் தாழ்த்தி. "குரல்காரர் தன் வாயால சொன்ன கதை. அதைப் போய் அவர் எதுக்குத் திருடணும்?"

நாத்தனார் போனைக் கேட்டாள். வாயாடியின் போனிலும் அந்தக் கடைசிப் பாகம் வந்திருந்தது, அவள் பெரியம்மா அனுப்பியது. நாத்தனார் அதைத் திறக்கவில்லை. கோப்பின் பெயரை மட்டும் படித்தாள். *கடைசி பாகம் இதுதான் உண்மையான கடைசி*. பிறகு ஒலிப்பதிவுத் திரையில் வரிசையாக நின்ற மற்றப் பெயர்களைப் படித்தாள். மழை 4. கதவு கிரீச். இருமல். படி ஏறுதல் மெதுவாக. ஜன்னலருகே நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவையாக நாத்தனாரின் முகத்தில் சிரிப்பு போல ஒன்று வந்து, தங்க இடமில்லாமல் போனது.

*

குரல்காரர் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அழைக்கப்பட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொல்வது அவருக்குப் பொருந்தாது. பதிவு நாட்களில் மத்தியானம் அவர் சாப்பிடுவதே இல்லை, குரல் கனத்துவிடும் என்று. மற்றவர்கள் வெளியே போகும்போது அவர் மட்டும் இந்த அறையில் விளக்கை அணைத்துக்கொண்டு மௌனமாக இருப்பார். உயரமான மனிதர், தோளில் மடித்த துண்டு, சட்டைப் பையில் தொண்டை மாத்திரை டப்பா. வாயைத் திறந்தால் அறையில் இருக்கிற கண்ணாடி லேசாக அதிரும். அந்தக் குரலில் அவர் மளிகைச் சாமான் சொன்னாலும் யாரோ இறந்துவிட்டதாகத் தோன்றும்.

நாத்தனார் சுற்றி வளைக்கவில்லை. கேபிள் வாங்கித் தந்தது நீங்கள், மத்தியானம் தனியாக இருந்தது நீங்கள், கீபோர்டைப் பிடுங்கினது மவுஸை நம்புகிற ஆள் என்றாள். பையைச் சோதித்தவர்கள் அந்த மாத்திரை டப்பாவைச் சோதித்தார்களா என்று முதலாளியைக் கேட்டாள். முதலாளி இல்லை என்று தலையாட்டினார். அவருக்குச் சண்டை போடுவதா அழுவதா என்று தெரியவில்லை.

குரல்காரர் அசையவில்லை.

"அம்மா, மூணு முடிவையும் சொன்னவன் நான். எல்லாம் இந்தத் தொண்டையில இருக்கு. இருக்கிற பொருளைத் திருடி என்ன பண்றது? எது நிஜம், எது பொய்ன்னு எனக்கு அக்கறையே கிடையாது. படிக்கச் சொன்னா படிப்பேன், அவ்வளவுதான் என் தொழில்."

நியாயமான பேச்சு. முதலாளி அவர் பக்கம் சாயத் தொடங்கினார். வாயாடிகூட ஒரு கணம் தடுமாறினாள். குரல் அப்படி.

நாத்தனார் டேபிளில் இருந்த டீ கப்பை நகர்த்தி வைத்தாள்.

"சரி. அது எப்படியும் போகட்டும். தோட்டக்காரன் கொலைகாரன் இல்லை."

முதலாளி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

குரல்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "பின்ன யாரு?"

அறை அமைதியாயிற்று. பஞ்சு ஒட்டிய அறை என்பதால் அந்த அமைதி மிகவும் தெளிவாகக் கேட்டது.

"அக்கறையே இல்லாத மனுஷர்," என்றாள் வாயாடி. "ஒரே சேதியைக் கேட்டு ஒருத்தர் காதைப் பொத்துறார், இன்னொருத்தர் வாயைத் திறக்கிறார்."

குரல்காரர் மெதுவாக உட்கார்ந்தார். அதன் பிறகு பேசியது வேறு ஒரு சின்னக் குரல். அது அவருடைய வீட்டுக் குரலாக இருக்க வேண்டும். ஆறு மாதமாக ஒவ்வொரு பாகத்தையும் அவரும் மனைவியும் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். கடைசியில் யார் என்று அவள் கேட்டாள். தெரியாது என்றார். மூன்று பேரைச் சொல்லியிருக்கிறேன், எது நிஜமென்று சொல்ல மாட்டார்கள் என்றார். அவள் நம்பவில்லை.

"வாயால சொன்னவனுக்கே தெரியாதான்னு கேட்டா. சத்தியம் பண்ணினேன். என்கிட்ட மறைக்கிறீங்க, இன்னும் என்னென்ன மறைச்சீங்களோன்னு ஆரம்பிச்சுட்டா. கல்யாணத்துக்கு முன்னாடி வரைக்கும் போயிட்டா."

அவளுக்கு மட்டும் ஒரு முறை போட்டுக் காட்டத்தான் எடுத்தார். யாரிடமும் சொல்லாதே என்றார். அவள் தன் அக்காவிடம் மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்தாள். அக்காவும் அதே நிபந்தனையை ஒழுங்காகக் கடைப்பிடித்து நாற்பது பேருக்கு அனுப்பினாள்.

முதலாளி காதிலிருந்து ஒரு கையை மட்டும், சோதனைக்காக, எடுத்தார். நாத்தனார் திரும்பியது அவர் பக்கம் அல்ல, ஜன்னல் பக்கம்.

"வெளியே போனது பொய் முடிவு. அது உனக்கு முதல் நாளே தெரியும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா நீ நிஜத்தை விடலைன்னு உடனே ஆகியிருக்கும். ஏன் சொல்லலை?"

ஒலிப்பதிவாளர் சுருட்டிய வயரைக் கீழே வைத்தாள்.

"கடைசிப் பாகத்தைப் பத்தி சார் காதுல ஒரு எழுத்துகூட விழக் கூடாதுன்னு சார்தான் சொன்னார். தோட்டக்காரன் இல்லைன்னு சொன்னா அதுவும் கடைசிப் பாகத்தைப் பத்தினதுதானே, மேடம்."

முதலாளியின் இரண்டாவது கையும் தானாக இறங்கியது.

உண்மையான கடைசி என்று கூவிக்கொண்டு நிற்கும் அந்தப் பெயரை அவள்தான் பொய் முடிவுக்கு வைத்திருந்தாள். நிஜம் வேறு ஏதோ மழைக்கும் இருமலுக்கும் நடுவில் பேசாமல் படுத்திருந்தது. யாரை ஏமாற்ற அப்படி வைத்தாய் என்று வாயாடி கேட்டாள். குரல்காரரையா? இல்லை, அவரைச் சந்தேகப்படவே தோன்றவில்லை என்றாள் அவள். கொஞ்சம் தயங்கினாள்.

"சாவி சார்கிட்டதானே இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் மனசு தாங்காம, ராத்திரியோட ராத்திரியா வந்து திறந்து கேட்டுட்டாருன்னா? அப்புறம் அவரே வருத்தப்படுவார். அதுக்காகத்தான்."

முதலாளி வேறு பக்கம் பார்த்தார். அந்த எண்ணம் அவருக்கு வந்ததே இல்லை என்று சொல்ல வாயெடுத்து, நாத்தனாரின் கண்ணைப் பார்த்து, அந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து ஒலிப்பதிவாளரின் முன்னால் போய் நின்றார். தப்பு நடந்துவிட்டது என்றார். யார் தப்பு என்று வாயாடி எடுத்துக் கொடுத்தாள். தன் தப்பு என்றார். இருந்துவிடம்மா என்றார். மற்றக் கூடங்களுக்கு இன்னும் போன் செய்யவில்லை என்றும், செய்ய நினைத்ததற்கே வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு, பொறுக்க முடியாமல், அப்படியென்றால் எனக்கு இன்னும் தெரியாதா, நிஜமாகவே தெரியாதா என்று குழந்தை மாதிரி கேட்டார்.

ஒலிப்பதிவாளர் யோசித்தாள். தோட்டக்காரன் கழிந்துவிட்டான், மிச்சம் இரண்டே பேர் என்றாள். இந்த அறையில் ஐந்து பேருக்கு அது தெரியும், அதில் ஒருவருக்கு வீட்டில் மனைவி இருக்கிறாள், மனைவிக்கு அக்கா இருக்கிறாள். நாளை காலைக்குள் ஊரில் பாதிப் பேர் வக்கீல் என்றும் பாதிப் பேர் மருமகள் என்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒரு பாதி சரியாகத்தான் சொல்லும். ஆகவே இன்னும் ஒரு முடிவு வேண்டும். கதாசிரியருக்குப் போன் போட்டு, சரியா என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்லக் காகிதத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டாள்.

பிறகு குரல்காரரைப் பார்த்தாள். "உள்ளே போங்க சார்."

அவர் எழுந்தார். நாலாவது முறையாகக் கொலையை ஒப்புக்கொள்ளக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார். இந்தத் தடவை குடும்ப டாக்டர். காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு மைக் வழியாகவே கெஞ்சினார்.

"இதுதானா நிஜம்? தலையை மட்டும் ஆட்டும்மா. வீட்டுக்குப் போகணும் நான்."

"படிங்க சார்."

முதலாளி கதவைத் திறந்துகொண்டு நடைக்கு ஓடினார். நாத்தனாரும் வாயாடியும் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். வாயாடிக்கு அது உண்மையிலேயே சிரமமாக இருந்தது. ஒலிப்பதிவாளர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தி இறக்கினாள்.

டாக்டர் பேசினார். பல வருஷம் பழகினவரைக் கொன்றதைச் சொன்னார், யாரும் தன்னை இனி நம்பப் போவதில்லை என்று சொன்னார். அந்தக் குரலில் இதற்கு முன் எந்தத் தோட்டக்காரனுக்கும் வக்கீலுக்கும் வராத ஒரு நிஜமான வருத்தம் இருந்தது. கடைசி வார்த்தையில் கொஞ்சம் உடைந்தது. ஒலிப்பதிவாளர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, நன்றாக வந்திருக்கிறது, ஆனால் இன்னும் ஒரு முறை எடுக்கலாம் என்றாள்.

கதவுக்கு வெளியிலிருந்து, காதைப் பொத்திய ஆள் பேசுகிற உரத்த குரலில், முடிஞ்சுதா என்று கேட்டார் முதலாளி.

"இல்ல சார்," என்றாள் அவள். "நாளைக்கும் வேலை இருக்கு."